பிஸ்டலுக்குள் ஒரு தகரப் பெட்டி

கேரளத்து மறையூர்ச் சந்தனக் காட்டில் மரங்களுக்கு எண் உண்டு. நாச்சிவயல் பக்கம் சாலையோரக் கம்பிவேலிக்கு இப்பால் நின்று பார்த்தாலே தெரியும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள். இரவில் ஒன்று அறுபட்டால், காலையில் 'ஒரு மரம் போச்சு' என்று எழுதி முடித்துவிட முடியாது. எந்த மரம், கடைசியாக அதைப் பார்த்தது யார் என்று கேள்வி வரும். சந்தன டிப்போவிலும் அப்படித்தான். காற்றில் விழுந்தது, பட்டுப்போனது, கடத்தலில் பிடிபட்டது என்று வந்து சேரும் கட்டைகளின் வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை எடை போட்டு, விலாயத் புத்தா, சைனா புத்தா, பஞ்சம் என்று வகை பிரித்து அடுக்கிய பிறகே ஏலத்துக்கு விடுவார்கள். என் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டைகள் விலையில் மலைக்கும் மடுவுக்குமாக நிற்கும்.

மரத்துக்கு எண் போடும் இந்த ஊரில் ஒரு பெரியவர் பிஸ்டலுக்கு மேகசின் தேடினார். கோவில்கடவுப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர். ஆலைக் கொட்டகை ஒன்றும் உண்டு. மூணாறில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அவருடைய அப்பா வாங்கிய .32 வெப்லி அண்ட் ஸ்காட், லைசென்ஸோடு இவர் கைக்கு வந்தது. 1911-இல் லண்டன் மாநகரப் போலீஸ் எடுத்துக்கொண்ட வகை. மேகசினில் 8 தோட்டா பிடிக்கும். கனமான, முகம் சப்பையான, அழகு என்று யாரும் சொல்லாத துப்பாக்கி.

எதற்காக வைத்திருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. மூணாறுப் பக்கத்துப் படையப்பா மாதிரி ஒரு கொம்பன் யானை தோட்டத்துக்குள் வந்து நின்றால் .32 பிஸ்டல் வெறும் சத்தம். பன்றிக்கும் உதவாது. 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்குக் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு கொடுத்தபோது, அதற்குக் கூப்பிடப்பட்டவர்கள் பெரும்பாலும் 12 போர் வைத்திருந்தவர்கள்தான். ராத்திரி கரும்புக்காட்டில் தனியாகப் போகும்போது இடுப்பில் கனம் இருந்தால் தைரியம் என்பார். எனக்குத் துப்பாக்கி மேல் ஆசையும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் அவருடைய தேடல் என்னை விடவில்லை.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. மேகசின் என்றால் நான்கே பாகம்: மடித்த தகட்டு உடல், சுருள் ஸ்பிரிங், அதன் தலையில் தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயர், கீழே ஒரு மூடி. பிஸ்டலின் மற்ற பாகங்களுக்கு எஃகைக் கடைந்து, பதப்படுத்தி, மைக்ரான் கணக்கில் தேய்க்கிறார்கள். இது தகரத்தை வளைத்து ஒட்டியது. ஒரு ரவுண்ட் வெடித்து ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பி வருவதற்குள், அடுத்த தோட்டா மேலேறி, தகட்டின் மடிப்பான இரண்டு உதடுகளுக்கு அடியில் சரியான கோணத்தில் மூக்கைத் தூக்கி நிற்க வேண்டும். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடையாது. உதடு அரை மில்லிமீட்டர் விரிந்திருந்தால் இரண்டு தோட்டா ஒன்றாக எழும்பும். நெளிந்திருந்தால் தோட்டாவின் மூக்கு குழலின் வாயில் முட்டி நிற்கும். அதற்குத்தான் ஜாம் என்று பேர். தானியங்கித் துப்பாக்கி நின்றுபோனால், அதைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பெட்டியைத்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட குழாய் சின்ன வாஷர் தேய்ந்ததால் ராத்திரி முழுக்கச் சொட்டுகிற மாதிரி.

மேகசினைச் செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அமெரிக்க ராணுவம் 1911-இல் எடுத்துக்கொண்ட .45 கோல்ட் பிஸ்டலின் ஆரம்பகால மேகசின்கள் இரண்டு நிறத்தில் இருக்கும். மேல்பாதி வெளிறியிருக்கும், கீழ்பாதி கறுத்திருக்கும். அலங்காரத்துக்காக அல்ல, உதடு இருக்கும் மேல்பாதியை மட்டும் தனியாகச் சூடேற்றிக் கடினப்படுத்தியதால் வந்த நிறம் அது. பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் டியூடோனே சாயிவ் இன்னும் ஒரு படி மேலே போனார். தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கி, உச்சியில் ஒற்றை வரிசையாக்கும் மேகசினை அவர் முதலில் செய்தார். ஒரு பழைய பிஸ்டலின் பிடியை வெட்டி அதில் பொருத்திச் சோதித்தார். அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் ஜான் பிரௌனிங் புதிய துப்பாக்கியை யோசித்தார். 1926-இல் பிரௌனிங் இறந்துபோக, வேலையை முடித்தவரும் சாயிவ்தான். 1935-இல் வந்த ஹைபவர் பிஸ்டல், 13 ரவுண்ட். இந்திய ராணுவத்தின் 9 மி.மீ. பிஸ்டல், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படுவது, அதன் வாரிசு. இருபதாம் நூற்றாண்டின் பெரிய கைத்துப்பாக்கிகளில் ஒன்று பிறந்தது இப்படி: பெட்டி முதலில், பிஸ்டல் பிறகு.

அந்தப் பிரௌனிங் வடிவமைப்பில் இன்னொரு விசேஷம். மேகசினை உருவிவிட்டால், குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் விசை வேலை செய்யாது. பிரெஞ்சு ராணுவம் வைத்த நிபந்தனை அது. பாதுகாப்புக்காகச் செய்தது என்றாலும், பெட்டி இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்று துப்பாக்கிக்குச் சொல்லிவைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

கோவில்கடவுப் பெரியவரிடம் இரண்டு மேகசின்கள் இருந்தன. அதில் ஒன்று கோளாறு. எது என்பது அவருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நிறம், ஒரே தேய்வு, ஒரே கம்பெனி முத்திரை. சில சமயம் ஒழுங்காக வேலை செய்யும், சில சமயம் மூன்றாவது ரவுண்டில் நின்றுவிடும். 'பிஸ்டலுக்கு வயசாயிடுச்சு' என்று அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் அது லேசில் ஆகிற காரியமல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். ரேடியோவுக்குப் பேட்டரி வாங்குவதுபோல் கடையில் கேட்டு வாங்க முடியாது. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அதனால் நம் நாட்டில் உலவும் வெப்லி, வால்தர், பழைய பிரௌனிங், கோல்ட் எல்லாம் தாத்தா காலத்துச் சொத்து. குழலும் ஸ்லைடும் நூறு வருடம் தாங்கும். தகரப் பெட்டி தாங்காது. அரசுத் தொழிற்சாலை தரும் .32 பிஸ்டல் அஷானி. அதன் மேகசின் இதற்குள் நுழையாது. ஆக, நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய வெப்லி மேகசின் என்பது, யாரோ ஒருவரின் பிஸ்டல் செத்த பிறகு கிடைக்கும் பொருள்.

ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மறையூரிலிருந்து சமவெளிக்கு இறங்க உடுமலைச் சாலைதான் நமக்குப் பழக்கம். அது சின்னாறு சரணாலயத்தின் ஊடாகப் போகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தாலும் அதுதான் நிலை. போதாததற்குப் பெரியவரின் லைசென்ஸ் கேரளத்துக்கு மட்டும் செல்லுபடியாவது. கூப்பிடு தூரத்தில் உடுமலைப்பேட்டை, அதற்கப்பால் கோயம்புத்தூர். பிஸ்டலுக்கு மட்டும் அந்தப் பக்கம் வேறு தேசம். அதனால் மூணாறு வழியாக, கேரளப் பக்கத்துச் சமவெளியில் லைசென்ஸ் பெற்ற ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம்.

அங்கே வேலை பார்த்தவர் ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கோட்டைக்காரர். பெரியவர் பிஸ்டலின் பரம்பரைக் கதையை ஆரம்பித்ததும் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, பிஸ்டலை அந்தால வைங்க. மேகசின் ரெண்டையும் குடுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உதடுகளைப் பார்த்தார். பின்மூலையில் நகத்தால் தடவினார். கீறல் விழுந்திருந்தால் அங்கேதான் விழும் என்றார். ஒரு பென்சிலின் மொட்டை முனையால் ஃபாலோயரை அடிவரைக்கும் அழுத்தி, மெதுவாக விட்டார். முதலாவது சட்டென்று மேலே வந்தது. இரண்டாவது பாதியில் ஒரு நொடி யோசித்தது. பக்கவாட்டில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் விரலுக்குத் தெரிந்தது. எப்போதோ கல்லில் விழுந்திருக்கிறது.

பிறகு வெடிக்காத டிரில் தோட்டாக்களை எடுத்து மேசையில் பரப்பி .32-இன் குணத்தைக் காட்டினார். இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிட மயிரிழை அகலம். மேகசினில் அடுக்கும்போது மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். ஸ்லைடு என்ன தள்ளினாலும் மேல் தோட்டா வராது. பெரியவர் அந்தப் பிஸ்டலை இத்தனை காலம் வைத்திருக்கிறார், இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மேகசினில் தோட்டாவைப் போட்டே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரும்பப் போட்டு, ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்மரர் சிரித்துவிட்டார். நல்ல ஸ்பிரிங் அழுத்தியே இருப்பதால் பெரிதாகத் தளர்வதில்லை, அழுத்தி அழுத்தி விடுவதில்தான் தேயும். பெரியவர் கொடுத்த ஓய்வுதான் அதற்குக் கொடுத்த வேலை.

கடைசியில் பெரியவர் கேட்க வந்ததைக் கேட்டார். "எந்தக் கம்பெனி மேகசின் நம்பிக்கையா இருக்கும்?"

"கம்பெனியில என்ன இருக்கு அண்ணாச்சி? எந்த மேகசின்னு கேளுங்க." இப்படிச் சொல்லிவிட்டு, சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, ஒரு குச்சியால் ஒன்றின் அடியில் 1 என்றும் மற்றதன் அடியில் 2 என்றும் எழுதினார்.

கம்பெனியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இத்தாலியின் மெக்-கார் 1965 முதல் மேகசின் மட்டுமே செய்துவருகிறது. உலகப் புகழ்பெற்ற பல பிஸ்டல்களுக்குள் இருப்பது அதன் சரக்குதான். பிஸ்டலின் மேல் ஒரு பேர், பெட்டியைச் செய்தவர் வேறொருவர். நல்ல பட்டறை என்றால் கோளாறு வரும் வாய்ப்பு குறைவு, அவ்வளவே. ஆனால் என் கையில் இருக்கிற இந்த ஒன்று கல்லில் விழுந்ததா, எத்தனை ரவுண்ட் தடையில்லாமல் ஊட்டியது என்பதெல்லாம் பட்டறைக்குத் தெரியாது. ஜெர்மானியர்கள் இதை அன்றே புரிந்துவைத்திருந்தார்கள். அவர்களுடைய லூகர் பிஸ்டலின் எண் அதன் மேகசின் அடியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். கூடுதலாகத் தந்த இரண்டாவது மேகசினில் அதே எண்ணோடு ஒரு கூட்டல் குறி. இந்தப் பெட்டி இந்தப் பிஸ்டலுக்கு, இவற்றில் இது மூத்தது, இது இளையது. குடும்ப அட்டை மாதிரி.

ஆர்மரர் தன் சர்வீஸ் காலத்தைப் பற்றிச் சொன்னது இதைவிட முக்கியமானது. எண் இல்லாத மேகசின்கள் பெட்டியில் கும்பலாகக் கிடக்கும். ரேஞ்சில் ஒரு பையனுக்கு ஜாம் ஆகும். அவன் தட்டி, இழுத்து, சரிசெய்து, மிச்சத்தைச் சுட்டுவிட்டு வருவான். மேகசின் துடைக்கப்பட்டுத் திரும்பப் பெட்டிக்குப் போகும். அடுத்த வாரம் அது வேறொருவன் கையில் நிற்கும். மூன்று பேருக்கு நின்றபின்னும் மூன்றும் ஒரே பெட்டியின் வேலை என்று யாருக்கும் தெரியாது. "அப்போ திட்டு யாருக்கு விழும்? பையனுக்கு. பிடி சரியில்ல, மணிக்கட்டு தளருது, பயப்படுறான். மூணு பையங்க திட்டு வாங்குவாங்க. மேகசின் மட்டும் சுகமா இருக்கும்." அவர் எண் எழுத ஆரம்பித்த பிறகு ஒரே மாதத்தில் ஏட்டில் மூன்று நான்கு எண்களே திரும்பத் திரும்ப வந்தனவாம். பையன்களின் மணிக்கட்டு தானாக உறுதியாகிவிட்டது.

அடையாளம் இல்லாத பொருள் செய்த தப்புக்குப் பெயர் உள்ள மனிதன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது துப்பாக்கிக்கு மட்டும் நேர்வதல்ல. எந்த ஆபீஸிலும் மெஷின் தகராறு முதலில் கடைநிலை ஊழியரின் தகராறாகத்தான் ஏட்டில் ஏறும்.

கோளாறான மேகசினை ஒதுக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். ஒதுக்கலாம், ஆனால் உதவாது என்று எழுதிக் கண்டம் பண்ண வேண்டும் என்றார். அதற்கு போர்டு, படிவம், கையெழுத்து. அதுவரை அது இருப்புப் பதிவேட்டில் ஒன்று. ஆய்வுக்கு வருகிற அதிகாரி எண்ணிப் பார்ப்பார். நூறு என்றால் நூறு இருக்க வேண்டும். வேலை செய்யாத ஒன்று குறைந்தாலும் குறைந்ததுதான். ஆகவே யாரும் ஒதுக்குவதில்லை.

கேரளத்தில் இதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, திருவனந்தபுரத்தில் உள்ள சிறப்பு ஆயுதப்படை முகாமில் 25 இன்சாஸ் துப்பாக்கிகளையும் 12,061 தோட்டாக்களையும் காணவில்லை என்றது. மாநிலமே பதறியது. குற்றப்பிரிவு போலீஸ் துப்பாக்கிகளை எண் வாரியாகச் சரிபார்த்து, எதுவும் காணாமல் போகவில்லை, ஏடுதான் தப்பு என்றது. தோட்டா விஷயம் வேறு மாதிரி. குறைந்துபோன 9 மி.மீ. டிரில் தோட்டாக்களுக்குப் பதிலாக 250 போலித் தோட்டாக்களை வைத்துக் கணக்கை நேராக்கியிருந்தார்கள் என்று அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். துப்பாக்கிக்குத் தனித்தனி எண் இருந்தது. குழப்பம் எவ்வளவு பெரியதானாலும், எது எங்கே என்று கேட்டுத் தீர்த்துவிட முடிந்தது. தோட்டாவுக்கு எத்தனை என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பித்தளைத் துண்டே பதில் சொல்லிவிட்டது.

எத்தனை என்ற கேள்வியின் மேல் நமக்குள்ள மோகம், மேகசினின் வடிவத்திலேயே புகுந்து கெடுத்திருக்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ஷோஷா இயந்திரத் துப்பாக்கிக்கு அரைநிலா வடிவத்தில் 20 ரவுண்ட் மேகசின். அதன் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார்கள், மிச்சம் எத்தனை என்று சுடுகிறவன் பார்க்க. பதுங்குகுழிச் சேறு அந்த வழியாகத்தான் உள்ளே போனது. அந்தத் துப்பாக்கியின் கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்த ஜன்னல்களால் வந்தது. நம்முடைய இன்சாஸுக்கு வருவோம். அதன் 20 ரவுண்ட் மேகசின் அரைகுறையாக உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்; அதுவும் மிச்சம் தெரிவதற்காகத்தான். 1999-இல் கார்கில் குளிரில் அந்த மேகசின்கள் விரிசல் விட்டன என்ற புகார் துப்பாக்கியின் பெயரோடே ஒட்டிக்கொண்டது. இரண்டு படைகள், எண்பது ஆண்டு இடைவெளி. இரண்டுமே எண்ணிப் பார்க்க வழி செய்து கொடுத்தன. ஊட்டுகிற வேலையில் இடறின.

ஈராக் கதை வேறு ரகம். அமெரிக்க வீரர்களின் 9 மி.மீ. பெரெட்டா பிஸ்டல்கள் பாலைவனத்தில் நின்று நின்று போயின. பிஸ்டலில் பழுதில்லை. மேகசினின் மேல் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு வேண்டும் என்று கொள்முதல் விதியில் எழுதியிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பு நுண்மணலைப் பிடித்து வைத்துக்கொண்டது. வழவழப்பான பூச்சுக்கு மாறியதும் பெரும்பாலும் தீர்ந்தது. விதியை எழுதியவர் மேசையில் மணல் இல்லை.

நம்பிக்கை எப்படி வரும்? மற்ற நாடுகளில் துப்பாக்கிக்காரர்கள் புது மேகசினில் நூறு, இருநூறு ரவுண்ட் தடையில்லாமல் சுட்டுப் பார்த்த பிறகே அதை இடுப்பில் செருகுவார்கள். நம் லைசென்ஸ்காரருக்கு அது வாய்க்காது. தோட்டா இத்தனைதான் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். சுட்டுப் பழக ரேஞ்ச் பக்கத்தில் கிடையாது. கரும்புக்காட்டில் சுட்டால் வழக்கு வரும். ஆக, வாங்கிய நாளிலிருந்து ஒரு ரவுண்டும் சுடாத பிஸ்டல்கள் பல வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் வாங்கி வந்து எண்ணெய் போட்டுத் துடைப்பது, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது. (மறையூர்ச் சந்தனம் வேறு. காய்ந்து பொடியாகி மேகசினுக்குள் இறங்கினால் ஈராக் மணலுக்கு ஒன்றும் குறைந்ததல்ல என்று ஆர்மரர் சொன்னார்.) சோதிக்க வழியில்லாத இடத்தில் நம்பிக்கை பக்தியாக மாறிவிடுகிறது. பக்தியில் ஒரு வசதி, சாமி வரம் தராவிட்டால் குறை பக்தனுடையது.

நம்பகமான மேகசின் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியையே நாம் தப்பாகக் கேட்கிறோம் என்று அன்று திரும்பி வரும்போது எனக்குத் தோன்றியது. அது எங்கோ ஒரு கடையில், ஒரு கம்பெனியின் முத்திரையோடு, நமக்காகக் காத்துக் கிடக்கும் பொருள் அல்ல. கெட்டதை இன்னதென்று கண்டு, பேர் வைத்து, தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் நம்பகமானது. அது கடையில் விற்பனைக்கு வராது. ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றி யாரோ ஒருவர் விடாமல் வைத்திருக்கும் ஞாபகம் அது. ஞாபகம் வைக்கிற பொறுப்பை யாரும் ஏற்காத இடத்தில் உலகத்தின் மிகச்சிறந்த பட்டறையும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஞாபகம் இருக்கிற இடத்தில் நூறு வருடத் தகரப் பெட்டியும் வேலை செய்யும். சந்தன மரத்துக்கு எண் போட்டவர்களுக்கு இது தெரியும். மரம் விலைமதிப்புள்ளது, அதனால் போட்டார்கள். தகரத்துக்கு யார் போடுவார்?

மனிதர்களிடம் நாம் இதையே தலைகீழாகச் செய்கிறோம் என்பதும் உறைத்தது. 'அந்த ஊர்க்காரனை நம்பலாம்', 'அந்தச் சாதிக்காரனை நம்ப முடியாது', 'மலைக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்க' என்று கும்பலாக முத்திரை குத்துகிறோம். சந்தனக் கடத்தல் வழக்கு வந்தால் இந்த மலையில் சில ஆதிவாசிக் குடிகளின் பேரைத்தான் முதலில் உச்சரிப்பார்கள். அதே குடிகளைச் சேர்ந்த வாட்சர்கள்தான் ராத்திரியெல்லாம் அந்த மரங்களைச் சுற்றி நடக்கிறார்கள். இந்த ஆள் என்ன செய்தான் என்று ஒரு ஏடும் பேசாதபோது, அவன் எந்தப் பெட்டியிலிருந்து வந்தான் என்பதே தீர்ப்பாகிவிடுகிறது.

வேறு மேகசின் கிடைக்கவில்லை. 1-ஆம் எண்ணுக்கு ஆர்மரர் உதடுகளை மட்டும் கொஞ்சம் நேர்செய்து, புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். பெரியவருக்கு ரைஃபிள் கிளப் ரேஞ்ச் ஒன்றில் அனுமதி வாங்கிச் சுட்டுப் பார்க்கவும் வாய்த்தது. தன் பங்குத் தோட்டாவில் பெரும்பகுதியை அதிலேயே தீர்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை. பிஸ்டலுக்கு வயசாகிவிட்டது என்று இப்போது அவர் சொல்வதில்லை. 2-ஆம் எண்ணைத் தூக்கிப்போட முடியாது. தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது ஸ்டேஷன் ரசீதில் 'மேகசின் – 2' என்று எழுதிப் பழகிவிட்டது. ஒன்று குறைந்தால் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் அதன் உடலில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு, தோட்டா போடாமல் தனியாக வைத்திருக்கிறார்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுத லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். புதுப்பிக்கும்போது ஆயுதத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஒரு ரேஞ்சில், அதிகாரி பார்க்க, ஒவ்வொரு மேகசினிலும் ஒரு சுற்று சுட்டுக் காட்டச் சொல்லலாம். அதற்கான தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். நின்றுபோகும் மேகசினை அங்கேயே வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கலாம். வீட்டில் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கி, இன்றே எண் போட்டுவிடுங்கள்.